பரீட்சையில் விழுந்த பஞ்சாமிர்தம்

மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதைப் போலச் சுகமான வேலை உலகத்தில் வேறில்லை. அதற்கு முதுமாணிப் பட்டமே, அதாவது மாஸ்டர்ஸே, கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் விண்ணப்பித்துவிட்டேன். பாடத்தின் பெயர் சுகாதாரக் கல்வி. சீனியைக் குறை, உப்பைக் குறை, நட, கையைக் கழுவு என்று சனங்களுக்குச் சொல்வதை எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்று கற்றுத்தரும் படிப்பு. ("இதைத்தானே கல்யாணம் கட்டின நாளிலயிருந்து வீட்டில சும்மா செய்யிறாய், இதுக்கு ஏன் ஃபீஸ்?" என்று என் கணவர் ரவி கேட்டார். வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை, அதனால்தான் வெளியில் போகிறேன் என்றேன்.)

உண்மைக் காரணம் வேறு. நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. இரவுக் கடமை முடிந்து கொழும்பில் வெள்ளவத்தை வீட்டுக்கு வரும்போது மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள். அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு குளிர்சாதனப் பெட்டியில் துண்டுக் கடதாசி ஒட்டிப் பேசிக்கொண்ட தாயும் மகளும் நாங்கள். தாதியர் பயிற்சிப் பள்ளியில் விரிவுரையாளர் இடமொன்று வரப்போவதாகச் சொன்னார்கள். பகல் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. ஆனால் முதுமாணி வேண்டும்.

எழுத்துப் பரீட்சை எல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். இடையில் கொரோனா வந்தது, பிறகு பெற்றோல் வரிசை வந்தது, என் படிப்பு மட்டும் முடிவுக்கு வரவில்லை. மிஞ்சியது செய்முறைப் பரீட்சை ஒன்றுதான். உண்மையான சனங்களைக் கூட்டி, அவர்கள் வாழும் இடத்திலேயே ஒரு சுகாதாரப் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் வெளிப் பரீட்சகர் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவர் எழுந்து சனங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்பார்: "இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?" அவர்கள் சொல்லும் பதிலில்தான் பாதிப் புள்ளி தொங்குகிறது.

முதல் தடவை கிருலப்பனையில் நடத்தினேன். உப்பைப் பற்றி நாற்பது படங்கள் தயாரித்து, ஒன்று விடாமல் வாசித்தேன். முன்வரிசையில் மூன்று பேர் தூங்கினார்கள். பரீட்சகர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நெடுநேரம் மௌனம். பிறகு ஒரு பெரியவர் எழுந்து, "இந்த ஹோல்ல ஃபேன் வேலை செய்யாது எண்டு படிச்சம்" என்றார். 'சமூகத்தின் பங்குபற்றல் இல்லை' என்று எழுதி என்னைத் தோற்கடித்தார்கள். இன்னும் ஒரு தடவைதான் தருவார்கள். அதிலும் விழுந்தால் என் பதிவுக் காலம் முடிந்து, இத்தனை வருடப் படிப்பும் கடலில் போட்டது போலத்தான்.

ஆகவே இரண்டாவது தடவை சனத்தைப் பங்குபற்ற வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். பாடம் சீனி வருத்தம். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்து, சீனி எவ்வளவு என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி என்று செய்துகாட்டுவேன். ரவி ஒரு பெரிய மட்டையில் படிகளைப் படமாக வரைந்து தந்தார். முதலாவது படம், குழாய்க்குக் கீழே இரண்டு கைகள், பக்கத்தில் சவர்க்காரம். கீழே தடித்த எழுத்தில் 'கையைக் கழுவுங்கள்'. கைகள் கோழிக்கால் மாதிரி இருந்தாலும் விஷயம் விளங்கியது.

மண்டபம் ஜிந்துப்பிட்டிப் பக்கத்தில், ஒரு சின்ன முருகன் கோயிலோடு ஒட்டியது. தர்மகர்த்தா சுப்பையா ஐயாவுக்குப் புறக்கோட்டையில் வியாபாரம். (என்ன வியாபாரம் என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன். சீனி. மொத்த வியாபாரம்.) மண்டபத்தை வாடகையில்லாமலே தருவதாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை.

"நல்ல காரியம்னா பூசை பண்ணிட்டுத்தாம்மா ஆரம்பிக்கணும். பூசைன்னா பஞ்சாமிர்தம் உண்டு."

"ஐயா, நான் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைக்கப்போறன்."

"அது உங்க வேலை. இது அவன் வேலை" என்று கோபுரத்தைக் காட்டினார்.

"சுண்டல் குடுக்கேலாதா ஐயா?"

"முருகனைச் சுண்டலைக் குடுத்துச் சமாளிக்கச் சொல்றீங்களா?"

பேரம் பேசி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி மட்டும் என்று முடித்தோம்.

அன்றைக்குக் காலையில் நான் மெஷினையும் ஊசிகளையும் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டேன். வாளி, சவர்க்காரம், துவாய், விரல் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் ரவியிடம். மகளை வகுப்பில் விட்டுவிட்டு ஓட்டோவில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

மண்டபம் நிறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ரோசி அக்கா தன் பட்டாளத்தோடு வந்திருந்தார். என் வார்ட்டில் ஒருமுறை படுத்திருந்தவர், அன்றிலிருந்து என் மேல் அன்பு. "நான் வேதக்காரி எண்டு பார்க்காதீங்க மிஸ், எனக்கும் பஞ்சாமிர்தம் வேணும்" என்று முதல் ஆளாகக் கையை நீட்டினார்.

பரீட்சகர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். வெள்ளைச் சேர்ட், வெள்ளைத் தலை, சிரிப்பு என்ற பழக்கமே இல்லாத முகம். கிருலப்பனையில் என்னைத் தோற்கடித்தவரும் இவர்தான். ஆனால் முருகன் என்றதும் மனிதர் உருகிவிட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார், விபூதி பூசினார், பஞ்சாமிர்தத்துக்குக் கையை நீட்டினார், கொஞ்சம் நின்று, மறுபடியும் நீட்டினார்.

தேக்கரண்டி என்று பேசியது சாம்பார்க் கரண்டியாக வந்திருந்தது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், சக்கரை, தேன், கற்கண்டு எல்லாம் உள்ளங்கையில் வழிந்தது. பிரசாதம் வாங்கிய கையை உடனே ஓடிப்போய்க் கழுவினால் அது மரியாதையில்லை. நக்கி முடித்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்து விட்டுக்கொள்வதுதான் வழக்கம். மண்டபம் முழுவதும் தேய்த்துக்கொண்டது. நானும் தேய்த்துக்கொண்டேன்.

ரவியைக் காணவில்லை. போன் எடுத்தேன்.

"எங்க நிக்கிறியள்?"

"டிரைவர் பொடியன் குறுக்குவழி எண்டு கிராண்ட்பாஸுக்குள்ள விட்டிட்டான். முன்னால ஒரு லொறி சாமான் இறக்குது. பின்னாலயும் போகேலாது."

"நடந்து வாங்கோவன்!"

"வாளியோடயா?"

பின்வரிசையில் பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தொடங்குவமே?" என்றார்.

காத்திருந்தால் நேர ஒழுங்கு இல்லை என்று வெட்டுவார். தொடங்கினால் சவர்க்காரம் இல்லை. ஆயிரம் பேருக்கு ஊசி குத்திய தாதி, எத்தனையோ மாணவிகளைக் கை கழுவாததற்காக விரட்டிய தாதி, அந்த நொடியில் என்ன சொன்னேன் தெரியுமா? மட்டையைத் தூக்கிப் பிடித்து, "முதலாவது படி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நாங்கள் இரண்டாவதுக்குப் போவம்" என்றேன்.

போனோம்.

"யாருக்குப் பார்ப்பம்?" என்று கேட்டேன். இவ்வளவு நேரமும் முண்டியடித்த கூட்டம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. மறுபடியும் கிருலப்பனை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. "சரி, எனக்கே பார்க்கிறன். ரோசி அக்கா, நீங்க முன்னுக்கு வந்து இலக்கத்தைச் சத்தமா வாசிங்க" என்றேன். சமூகத்தின் பங்குபற்றல்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் அதுவரை என் இரத்தத்தைப் பார்த்ததே இல்லை. என் அம்மாவுக்குச் சீனி. அம்மாவின் கால்விரலை வெட்டி எடுத்த அன்று வெளியில் வாங்கில் உட்கார்ந்திருந்தவள் நான். அதற்குப் பிறகு ஊரெல்லாம் பார்த்தேன், எனக்கு மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். அன்றைக்குப் பரீட்சைப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் குத்திவிட்டேன்.

மெஷின் யோசித்தது. கீச்சென்றது.

"நானூத்திப் பதினெட்டு!" என்று ரோசி அக்கா ஏலம் விடுகிற குரலில் வாசித்தார். பிறகு, "அது நல்லதா மிஸ்?" என்று கேட்டார்.

என் முகத்தைப் பார்த்தே மண்டபத்துக்கு விடை தெரிந்துவிட்டது. பக்கத்துக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் விரல்தான் நினைவுக்கு வந்தது. "மிஸ் கதைக்காதீங்க! படுங்க!" என்று ரோசி அக்கா அதட்டினார். மூன்று பிளாஸ்டிக் கதிரைகளைச் சேர்த்து என்னைக் கிடத்தினார்கள். யாரோ பாகற்காய்ச் சாறு என்று ஓடினார். யாரோ செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். சுப்பையா ஐயா அம்புலன்சுக்குப் போன் போட்டு, "லேடிக்கு சுகர் ஏறிருச்சு, நம்ம கோயில்ல, சீக்கிரம் வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். ரோசி அக்கா என் மட்டையை எடுத்து எனக்கு விசிறத் தொடங்கினார்.

பேராசிரியர் முன்னுக்கு வந்தார். "பதற வேண்டாம். மெஷின் பிழையாயிருக்கலாம். வேற ஒராளுக்குப் பாரும்" என்றார்.

படுத்தபடியே புது ஊசியை எடுத்து ரோசி அக்காவின் விரலில் குத்தினேன். முன்னூற்றைம்பதுக்கு மேல். "யேசுவே, நானுமா?" என்று அவர் விசிறலை நிறுத்தினார். பக்கத்திலிருந்த துறைமுகக்காரர் ஒருவர், தானாகவே விரலை நீட்டினார். அவருக்கும் அப்படித்தான். மண்டபத்தில் ஒரு ஓலம் கிளம்பியது. ஜிந்துப்பிட்டிக்கே ஏதோ வந்துவிட்டது, தண்ணீரில்தான் கலந்திருக்கிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இதுக்கு இடமேயில்லை. எனக்குப் போன மாதம்தான் பார்த்தது, வடிவா இருந்தது. எனக்குக் குத்தும்" என்று பேராசிரியர் சேர்ட் கையை மடித்தார். (விரலில் குத்துவதற்கு ஏன் கையை மடித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

குத்தினேன். கீச்.

இலக்கத்தை அவரே எடுத்துப் பார்த்தார். ரோசி அக்கா எட்டிப் பார்த்து வாசிக்கப் போனார், பேராசிரியர் மெஷினைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மெல்ல எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "நானூற்று அறுபது. உங்களை விடக் கூட" என்றார். 'பாரும்', 'குத்தும்' என்றவர் 'உங்களை' என்றதும்தான் விஷயத்தின் பாரதூரம் எனக்கு உறைத்தது.

இரண்டு முறை பஞ்சாமிர்தம் வாங்கியவர் அவர் என்பது அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. என் மூளை அன்றைக்கு விடுமுறையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரவி உள்ளே வந்தார். வியர்வையில் குளித்து, ஒரு கையில் பை, மறுகையில் நீல வாளி. மனைவி கதிரைகளில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறாள், பக்கத்தில் ஒரு பேராசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் அழுகை. வாளி கையிலிருந்து விழுந்து, அதற்குள்ளிருந்த சவர்க்காரம் வழுக்கி என் கதிரைக்குக் கீழே வந்து நின்றது.

"வசந்தி! அந்த மூண்டாவது தோசை வேண்டாம் எண்டு காலமை சொன்னனான்தானே!"

நான் சவர்க்காரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். ரோசி அக்கா மறுபடி விசிறத் தொடங்கியிருந்தார். என் மூக்குக்கு முன்னால் மட்டை வருகிறது, போகிறது. வருகிறது, குழாய்க்குக் கீழே கோழிக்கால் மாதிரி இரண்டு கைகள். போகிறது. மறுபடி வருகிறது. 'கையைக் கழுவுங்கள்.'

விரலை மூக்கருகே கொண்டுபோனேன். வாழைப்பழமும் தேனும் மணத்தது. மெஷின் பார்த்தது எங்கள் இரத்தத்தை அல்ல, பஞ்சாமிர்தத்தை!

மெஷின் பழுது என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டலாம். நான் முதல் படியையே விட்டவள் என்று இந்த மனிதருக்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னால், பகல் வேலையும் இல்லை, மகளோடு இராச்சாப்பாடும் இல்லை. ஆனால் வாசலில் அந்தப் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு விம்முவது கேட்டது. பேராசிரியர் வேறு போனை எடுத்து, "லீலா, இன்ஷூரன்ஸ் கடதாசியெல்லாம் அலுமாரியில மேல் தட்டில கிடக்கு" என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவிக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கதிரைகள் சிதற எழுந்தேன். "சேர்! போனை வையுங்கோ! ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை! நாங்கள் கை கழுவேல்லை!"

மண்டபம் அடங்கியது. பேராசிரியர் தன் விரல்களைப் பார்த்தார். ஒன்றை மெல்ல மற்றதோடு ஒட்டி எடுத்தார். ஒட்டியது. என் முகத்தில் பார்வையை வைத்தார். நான் அந்தப் பார்வையில் தோற்றுப்போனேன் என்றே நினைத்தேன்.

"வரிசையில நில்லுங்க எல்லாரும்!" என்று ரோசி அக்கா கட்டளை போட்டார். கோயில் பின்புறத்தில் ஒரேயொரு குழாய். ரவி சவர்க்காரத்தோடு நின்றார், சுப்பையா ஐயா துவாயோடு நின்றார். அம்புலன்ஸ் வந்துவிட்டது. அதில் வந்த இரண்டு பொடியன்களையும், வந்ததுக்குக் கழுவிட்டுப் போங்க என்று ரோசி அக்கா வரிசையில் விட்டார். பேராசிரியர் ரோசி அக்காவுக்குப் பின்னால் பணிவாக நின்று, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினார்.

மறுபடி குத்தினோம். இந்த முறை ஒருவரும் கையைப் பின்னால் கட்டவில்லை. ரோசி அக்காவுக்குச் சரியாக இருந்தது, என்னைக் கட்டிப்பிடித்தார். துறைமுகக்காரருக்கும் சரி. பேராசிரியருக்கு மிக நன்றாக இருந்தது. நம்பாமல் மற்ற விரலிலும் பார்க்கச் சொன்னார். அதிலும் நன்றாக இருந்தது. அந்த முகத்தில் நான் முதன்முதலாகப் பல்லைப் பார்த்தேன்.

கடைசியாக எனக்கு. இருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தேன். நானூறு இல்லை. ஆனால் சிரிக்கக்கூடிய இலக்கமும் இல்லை. மெஷினைக் கைப்பைக்குள் போடப்போனேன். பேராசிரியர் பார்த்துவிட்டார். சனங்கள் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?"

கிருலப்பனையில் மௌனம் கேட்ட எனக்கு அன்று காது அடைத்தது. "முதல்ல கையைக் கழுவோணும்!" என்று ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, அம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து கத்தியது. இடுப்பிலிருந்த பிள்ளைகூடக் கையைத் தேய்த்துக் காட்டியது.

போகும்போது அவர் என்னை வாசலில் நிறுத்தினார். "முதலாவது படியை விட்டதுக்கு வெட்டுவன். அதில சந்தேகம் வேண்டாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் காலமை வெறும் வயித்தில போய் இரத்தம் குடும். ஒளிக்க வேண்டாம், பிள்ளை" என்றார்.

வெட்டினார். ஆனால் சனத்தின் பங்குபற்றலுக்கு முழுப் புள்ளியும் போட்டிருந்தார், தேறிவிட்டேன். மறுநாள் இரத்தமும் கொடுத்தேன். எனக்குச் சீனி வருத்தம்தான், ஆரம்பம். அம்மாவுக்குக் கண்டுபிடித்தபோது இருந்த கட்டம் இல்லை. டொக்டர் அதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன். பயத்தில் அல்ல, தப்பிவிட்டேனே என்ற நினைப்பில்.

இப்போது பகல் வேலை. இரவில் மகளும் நானும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவள் எனக்குச் சோற்றை அளந்துதான் போடுகிறாள். பட்டமளிப்பு நாளில் சுப்பையா ஐயா ஒரு பெரிய போத்தல் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்பினார். கூடவே, தன்னுடைய யோசனையாக, ஒரு சவர்க்காரமும்.

வீட்டுக்கு வருபவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தைப் பார்த்து, "உந்தப் படிப்பில எத்தினை சீனி வருத்தக்காரரைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் ரவி முந்திக்கொள்வார்.

"ஊரையே கூட்டித் தேடினவ. ஒராள்தான் அகப்பட்டது" என்று சொல்லி, சீனி போடாத தேத்தண்ணியை என் கையில் வைப்பார்.